தீயணைப்புக்காரரின் உடம்பிலிருந்து வந்த விசில் சத்தம்: காற்று லீக்கா, வேறு ஏதாவதா?

#1 வாவிக்கரையான்

போன மாதம், கச்சான் காற்று பேயாட்டம் ஆடிய ஒரு மத்தியானம், எங்கள் பக்கத்து வீதியில் ஒரு பழைய களஞ்சியம் தீப்பிடித்தது. உள்ளே ஸ்பொஞ் மெத்தையும் பிளாஸ்டிக் கதிரையும். புகை தார் போலக் கறுப்பு. தீயணைப்பு வண்டி வந்ததும் இரண்டு பேர் முதுகில் சிலிண்டரோடும் முகத்தில் மாஸ்க்கோடும் உள்ளே போனார்கள்.

கால் மணித்தியாலம் இருக்கும். ஒருவர் வெளியே வந்தார். வரும்போதே அவர் உடம்பிலிருந்து "கீஈஈ" என்று ஒரு சத்தம். குக்கர் விசில் மாதிரி விட்டு விட்டு இல்லை, ஒரே இழுவை. "சிலிண்டர் வெடிக்கப் போகுது" என்று யாரோ கத்த, சனம் எல்லாம் சந்திப் பக்கம் ஓடியது. பொய் சொல்லக் கூடாது, நானும் ஓடினேன்.

ஆனால் அந்த மனுசன் ஆறுதலாக வந்து மதிலடியில் குந்தினார். கூட வந்தவர் முதுகுப் பக்கம் கையை விட்டு எதையோ திருகினார். சத்தம் மெலிந்து மெலிந்து நின்றது. இருவர் முகத்திலும் பதற்றமே இல்லை.

அது என்ன சத்தம்? லீக் என்றால் ஏன் அவ்வளவு ஆறுதல்?

#2 காத்தநகர்_கடைக்காரன்

நீங்கள் கேட்டது நம் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் இல்லை என்று நிச்சயம்தானே? வாவிக்கரை ஆட்கள் எதைக் கேட்டாலும் மீன் என்பீர்கள் :)

பகிடியை விடுவோம். ஒக்சிசன் சிலிண்டர்தானே அது? கொரோனா நேரம் வீட்டில் வைத்திருந்தோம், அதுவும் மூடி சரியாக இறுகாவிட்டால் சீறும்.

#3 திரும்பி_வந்தவன்

லீக் இல்லை தம்பி. அது காற்று முடியப் போகிறது என்று சொல்லும் விசில். வளைகுடாவில் ஒரு எரிவாயு ஆலையில் 11 வருடம் தீப்பாதுகாப்பு வேலை பார்த்துவிட்டு இப்போது அக்கரைப்பற்றில் சும்மா இருக்கிறேன், ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடைக்காரத் தம்பிக்கு: அது ஒக்சிசன் இல்லை. நீங்களும் நானும் இப்போது இழுக்கும் அதே காற்றுதான், 21 வீதம் ஒக்சிசன், மிச்சம் பெரும்பாலும் நைதரசன். வடிகட்டி, ஈரம் எடுத்து, இறுக்கி அடைத்தது. தீக்குள் சுத்த ஒக்சிசனைச் சுமந்துகொண்டு போனால் லீக் ஆகும் இடமெல்லாம் நெருப்புக்குத் தீனி. எண்ணெய் பட்ட வால்வில் அழுத்தமான ஒக்சிசன் பட்டால் தானாகவே பற்றும். பத்திரிகைக்காரர் இன்னும் "ஒக்சிசன் சிலிண்டர்" என்றுதான் எழுதுகிறார்கள்.

இப்போது காற்று போகும் வழி. சிலிண்டருக்குள் 300 பார் அழுத்தம். கார் டயரில் ஏறக்குறைய 2 பார்தான், நீங்களே நினைத்துப் பாருங்கள். அதை நேரே வாயில் விட்டால் நுரையீரல் கிழிந்துவிடும். ஆகவே முதுகுத் தட்டில், சிலிண்டர் பொருந்தும் இடத்திலேயே, ஒரு றெடியூசர் இருக்கும். அது 300 ஐ 7 பார் அளவுக்கு இறக்கும். அங்கிருந்து ஒரு குழாய் தோளைச் சுற்றி மாஸ்க்கில் உள்ள டிமாண்ட் வால்வுக்கு வரும். நீங்கள் மூச்சு இழுத்தால் அது திறக்கும், நிறுத்தினால் மூடும். விட்ட மூச்சு மாஸ்க்கின் இன்னொரு வால்வால் வெளியே போய்விடும், திரும்பி வராது.

இதில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. மாஸ்க்குக்குள் எப்போதும் வெளியை விட ஒரு சொட்டு அழுத்தம் கூட இருக்கும்படி ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். கன்னத்து ஓரத்தில் சின்ன இடைவெளி வந்தாலும் உள்ளே இருக்கும் காற்று வெளியே தள்ளும், புகை உள்ளே வராது.

றெடியூசரிலிருந்து இன்னொரு மெல்லிய குழாய் மற்றத் தோளுக்கு மேலால் முன்னுக்கு வரும். அதன் நுனியில் அழுத்த மீற்றர். பக்கத்திலேயே, நான் போட்ட செற்றில் (சிலிண்டர், மாஸ்க் எல்லாம் சேர்ந்ததுதான் செற்), விசில். இடது தோள், காதுக்கு ஒரு சாண் கீழே.

#4 களுவாஞ்சி_இலத்திரன்

திரும்பி_வந்தவன் காக்கா (அண்ணே), கணக்குப் பார்த்தேன். 6.8 லீற்றர் சிலிண்டர், 300 பார். பெருக்கினால் 2040 லீற்றர் காற்று. ஒரு ஆளுக்கு நிமிடத்துக்கு 40 லீற்றர் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. 51 நிமிடம். வாவிக்கரையான் பார்த்த ஆள் கால் மணித்தியாலத்தில் வந்துவிட்டார். ஒன்று சிலிண்டர் நிரப்பாமல் வந்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் விசில் பிழை.

#5 திரும்பி_வந்தவன்

இரண்டும் இருக்கலாம், நான் அங்கே நிற்கவில்லை. ஆனால் முழுச் சிலிண்டரும் சரியான விசிலுமாக இருந்தாலும் அந்தக் கணக்கு அப்படி வராது மகன்.

300 பாரில் காற்று வாய்ப்பாடு சொல்லும் அளவுக்கு அடங்காது, பத்தில் ஒரு பங்கு குறைத்துப் போடுங்கள். மறுகா, அந்த 40 லீற்றர் என்பது அளவான வேலை செய்யும் ஒருவருக்கு. தண்ணீர் நிறைந்த ஹோஸை இழுத்துக்கொண்டு, 20 கிலோவுக்கு மேல் உடுப்பும் சாமானும் சுமந்து, சூட்டில், பயத்தில் போகிறவர் 80 இழுப்பார். புதுப் பெடியன் 100 ஐயும் தாண்டுவான். எங்கள் பயிற்சியில் ஒரே சிலிண்டரில் ஒருவர் 38 நிமிடம் நின்றார், என்னோடு வந்த இன்னொருவர் 17 நிமிடத்தில் முடித்தார். ஒரே வயது, ஒரே எடை.

#6 பாசிக்குடா_சுழியோடி

இது எங்கள் பக்கத்துக் கதையும்தான். அந்த டிமாண்ட் வால்வு சுழியோடிகளின் சாமான்தான், 1943 இல் கூஸ்டோவும் கன்யானும் பிரான்சில் செய்த அக்குவாலங்கின் ஒன்றுவிட்ட தம்பி என்று வையுங்கள். எங்களுடையதில் அந்தக் கூடுதல் அழுத்தம் வைப்பதில்லை, தண்ணீருக்குள் காற்று வீணாகக் கொட்டிவிடும்.

எங்களுக்கு விசிலும் கிடையாது. பழைய தாங்கிகளில் ஒரு நெம்பு இருக்கும். காற்று குறைந்ததும் மூச்சு இழுக்கக் கனக்கும், கம்பியை இழுத்தால் மிச்சம் திறக்கும். யாருடைய கையாவது ஏற்கனவே பட்டு அது திறந்திருந்தால் அவ்வளவுதான், மிச்சமே இல்லை. இப்போது மீற்றர்தான் கதி. மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. அந்த ஆழத்தில் மேலே இழுப்பதை விட ஆறு மடங்கு காற்று போகும். அங்கே மீற்றரைப் பார்க்காதவனுக்கு யாரும் விசில் அடிக்க மாட்டார்கள்.

#7 வாவிக்கரையான்

நன்றி எல்லோருக்கும். ஆனால் விசிலுக்கு எப்படித் தெரியும் காற்று குறைந்தது என்று? பற்றரியா?

#8 பாசிக்குடா_சுழியோடி

பற்றரியே இல்லை, அதுதான் அழகு. வால்வு வேலை நான் கழற்றிப் பூட்டுகிறவன், சொல்கிறேன்.

ஊசி மாதிரி ஒரு சின்னப் பிஸ்டன். ஒரு பக்கத்திலிருந்து சிலிண்டரின் அழுத்தம் அதைத் தள்ளும். எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஸ்பிரிங் தள்ளும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது அழுத்தம் வெல்லும், வழி அடைபட்டிருக்கும். காற்று குறையக் குறைய அந்தக் கை தளர்ந்து வரும். குறித்த அளவுக்கு வந்ததும் ஸ்பிரிங் வென்று பிஸ்டனை மற்றப் பக்கம் தள்ளும், வழி திறக்கும், காற்று விசிலுக்குள் பாயும். கயிறிழுப்புப் போட்டி மாதிரித்தான். ஐரோப்பியத் தரவிதி ஈஎன் 137 இல் அந்த அளவு 55 பார், 5 கூடலாம் அல்லது குறையலாம். சத்தம் 90 டெசிபலுக்குக் குறையக் கூடாது, சுருதி 2000 முதல் 4000 ஹேர்ட்ஸுக்குள். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் அதுதான், குழந்தை வீரிட்டு அழும்போது மண்டையைத் துளைக்கிறதே, அந்த இடம்.

#9 களுவாஞ்சி_இலத்திரன்

அப்படியென்றால் காற்று முடியப் போகும் நேரத்தில் இருக்கிற காற்றையே எடுத்து விசில் ஊதுகிறது! தாகத்தில் கிடக்கிறவன் தண்ணீரை ஊற்றி மணி அடித்த கதை. 300 ரூபாய்ச் சென்சரும் ஒரு பஸரும் போட்டால் போதும்.

#10 திரும்பி_வந்தவன்

நிமிடத்துக்கு 5 லீற்றருக்கு மேல் விசில் குடிக்கக் கூடாது என்று அதே விதியில் இருக்கிறது மகன். நீங்கள் 80 இழுக்கும்போது 5 ஒரு கணக்கா? உங்கள் பஸரின் பற்றரி நிலையத்தில் ஆறு மாதம் சும்மா கிடந்த பிறகு, 200 பாகை சூட்டில், ஹோஸ் தண்ணீர் ஊறியபடி என்ன செய்யும்? ஸ்பிரிங்குக்குச் சார்ஜ் தேவையில்லை.

#11 பனிநாட்டு_மட்டக்களப்பான்

களுவாஞ்சித் தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கனடாவில் ஒரு சின்ன ஊரில் தொண்டராகத் தீயணைப்பில் இருக்கிறேன், இங்கே அமெரிக்க விதி. என்எஃப்பிஏ 1981 என்ற தரவிதி (இப்போது என்எஃப்பிஏ 1970 இல் அடக்கம்) ஒரு எச்சரிக்கையை நம்புவதே இல்லை. ஒன்றையொன்று சாராத இரண்டு வேண்டும், அதுவும் வேறு வேறு புலனுக்கு. ஆகவே சில செற்றுகளில் மணி அடிக்கும், சிலவற்றில் மாஸ்க் முழுவதும் கிடுகிடு என்று அதிரும், மறுகா கண்ணுக்கு முன்னால் சின்ன விளக்குகள்: பச்சை, மஞ்சள், சிவப்பு. விளக்கு பற்றரியில்தான் ஓடும். மணியும் அதிர்வும் உங்கள் காற்றில்.

ஏன் புலனை மாற்றுகிறார்கள் தெரியுமா? நாலு பேர் ஒரே அறையில் நிற்கும்போது விசில் கேட்டால் யாருடையது? நாலு பேரும் தங்கள் மீற்றரைத் தூக்கிப் பார்ப்பார்கள், அல்லது நாலு பேருமே மற்றவனுடையது என்று விட்டுவிடுவார்கள். தாடை அதிர்ந்தால் அது உன்னுடையதுதான், சந்தேகமே இல்லை.

இன்னொரு வித்தியாசம். இங்கே முன்பு கால்வாசி மிஞ்சியிருக்கும்போது அடித்தது. 2013 பதிப்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, 33 வீதம். 55 பார் என்பது 300 இல் ஐந்தில் ஒன்றுகூட வராது. அங்கத்தையது பிந்தித்தான் கத்துகிறது.

#12 திரும்பி_வந்தவன்

பிந்தித்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி, சண்டை அந்த எண்ணில் இல்லை. விசில் எதற்கு என்பதில்தான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். வாவிக்கரையான் தம்பி உட்பட, "விசில் அடித்தால் வெளியே வர வேண்டும்" என்றுதான் எல்லோரும் நினைப்பது. இல்லை. விசில் அடிக்கும்போது நீங்கள் ஏற்கனவே வெளியே நிற்க வேண்டும், அல்லது வாசல் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 300 ஓடு உள்ளே போகிறீர்கள். இருட்டில் சுவரைத் தடவித் தடவி தீ இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர 100 பார் போய்விட்டது. மீற்றர் 200. திரும்ப அதே வழி, குறைந்தது இன்னொரு 100. அதோடு கையில் 55 ஐத் தொடாமல் வைக்க வேண்டும். ஆகவே 155 இல் திரும்பியே ஆக வேண்டும், அங்கே வேலை செய்ய உங்களுக்கு இருப்பது 45 பார் மட்டும். "விசில் அடிக்கட்டும், பார்ப்போம்" என்று நின்றால் விசில் அடிக்கும்போது கையில் 55, வழிக்குத் தேவை 100. 55 பார் என்பது அந்த 6.8 சிலிண்டரில் 374 லீற்றர். 40 இழுத்தால் 9 நிமிடம். விசில் கேட்டுப் பதறி 100 இழுத்தால் நாலு நிமிடம்கூட இல்லை.

அந்த ஆள் மதிலடியில் ஆறுதலாகக் குந்தியது அதனால்தான். விசில் சொன்ன செய்தி அவருக்குப் பழசு.

#13 மாமாங்கத்தான்_லண்டன்

இந்த விசிலுக்குப் பின்னால் ஒரு பழைய துக்கம் உண்டு. 1958 ஜனவரி 23, இங்கே லண்டனில் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தையின் நிலவறை தீப்பிடித்தது. குளிர்களஞ்சியங்கள், ஒடுங்கிய நடைபாதைகள், இரண்டு பக்கமும் தொங்கும் இறைச்சி. உள்ளே போன இரண்டு தீயணைப்புக்காரர் திரும்பவில்லை. யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எவ்வளவு மிச்சம் என்று வாசலில் ஒழுங்காகக் கணக்கு வைக்கும் முறை அப்போது இல்லை.

அதற்குப் பிறகுதான் ஆளுக்கு ஒரு தகடு, வாசலில் ஒரு பலகை, அதில் பெயர், உள்ளே போன நேரம், அழுத்தம் எல்லாம் எழுதும் முறை வந்தது. அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி எப்படி இருக்க வேண்டும் என்றும் அந்த விசாரணைக் குழுதான் கேட்டது.

இன்னொன்று, காக்காவைத் திருத்துவதற்கு மன்னிக்க வேண்டும். அந்தக் காலத்து புரோட்டோ செற் ஒக்சிசன்தான். நெஞ்சில் ஒரு பை, விட்ட மூச்சிலிருந்து கரியமிலவாயுவை மருந்து உறிஞ்சும், ஒக்சிசன் சொட்டுச் சொட்டாகச் சேரும். ஆகவே பத்திரிகைக்காரரை முழுதாகத் திட்ட முடியாது.

#14 திரும்பி_வந்தவன்

உண்மைதான். சுரங்கங்களில் இன்றும் அந்த வகை இருக்கிறது. என் வாயை அடைத்துவிட்டீர்கள் ஐயா.

#15 காத்தநகர்_கடைக்காரன்

காக்கா, ஒரு சந்தேகம். எனக்குத் தாடி. ஆபத்து நேரம் இதைப் போட்டால் வேலை செய்யுமா?

#16 திரும்பி_வந்தவன்

சரியாகச் செய்யாது. மாஸ்க்கின் றப்பர் ஓரம் வெறும் தோலில் ஒட்ட வேண்டும், மயிர் இடையில் வந்தால் ஒட்டாது. உள்ளே கூடுதல் அழுத்தம் இருப்பதால் பெரும்பாலும் புகை உள்ளே வராதுதான், ஆனால் காற்று ஓயாமல் வெளியே ஒழுகும். 25 நிமிடம் 15 ஆகும், விசில் வெள்ளெனக் கத்தும். ஆழமாக ஒரு இழுவை இழுத்தால் புகையும் சேர்ந்து வரலாம். எங்கள் ஆலையில் இது பெரிய வாக்குவாதம். தாடி வைத்த சகோதரர்களுக்குத் தலையை முழுதாக மூடும் வேறு வகைக் கவசம் கொடுத்து வெளி வேலைக்குப் போட்டார்கள். தீக்குள் போகும் அணிக்கு அது சரிவராது.

#17 படுவான்கரை

நான் இங்கே எழுதுவதில்லை, வாசிப்பது மட்டும். ஆனால் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

நாலு வருடத்துக்கு முன் வரட்சியில் எங்கள் வளவுக் கிணறு வற்றியது. மேலே வைத்த மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை, ஏழெட்டு மீற்றருக்குக் கீழே போனால் அது இழுக்காது என்று உங்களுக்குத் தெரியும்தானே. பெற்றோல் வோட்டர் பம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் பாதியில் ஒரு தட்டில் வைத்து ஓட விட்டோம். அரை மணித்தியாலம் கழித்து சேறு அள்ள நான் இறங்கினேன். ஒரு மணமும் இல்லை. இரண்டாவது வாளி நிரப்பும்போது முழங்கால் இல்லாத மாதிரி இருந்தது. வாளியைத் தூக்கச் சொல்லிக் கத்தினேன் என்று நினைத்தேன், சத்தமே வரவில்லையாம். இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்க விடமாட்டேன் என்று மச்சான் பிடித்த பிடிவாதம், அந்தக் கயிற்றில்தான் என்னைத் தூக்கினார்கள். மூன்று நாள் தலையிடி.

கேள்வி இதுதான். கொரோனா மாஸ்க்கோ, மருந்தடிக்கும்போது போடும் மாஸ்க்கோ போட்டு இறங்கலாமா? இந்தச் செற்றை வாடகைக்கு எடுக்க முடியுமா?

#18 திரும்பி_வந்தவன்

முதலில், அல்லாஹ் காப்பாற்றினான், மச்சானுக்கு ஒரு கிடா வெட்டிச் சோறு போடுங்கள்.

மாஸ்க் இரண்டும் உதவாது. பம்பின் புகையில் இருந்தது காபன் மொனொக்சைட். அதற்கு மணம் இல்லை, மருந்தடிக்கும் மாஸ்க்கின் கரி அதைப் பிடிக்காது. பிடித்தாலும் ஒக்சிசன் குறைந்த இடத்தில் எந்த வடிகட்டியும் ஒக்சிசனை உண்டாக்காது, இருப்பதை வடித்துத்தான் தரும். பம்பை ஒருபோதும் உள்ளே இறக்காதீர்கள். மின்சாரத்தில் ஓடும் நீர்மூழ்கிப் பம்பு போடுங்கள், ஆள் இறங்க முன் அதன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள்.

செற்றைப் பற்றி: பயிற்சி இல்லாமல் போடுவது நீந்தத் தெரியாதவன் டியூப்பை நம்பிக் கடலில் குதித்த மாதிரி. ஒடுங்கிய கிணற்றில் முதுகுச் சிலிண்டர் சுவரில் மாட்டும். அந்த இடங்களுக்கு மேலிருந்து குழாய் வழியாகக் காற்று கொடுக்கும் முறைதான் சரி. யாராவது உள்ளே விழுந்துவிட்டால் அடுத்த ஆள் பின்னால் இறங்கவே கூடாது. நம் பக்கத்தில் ஒரு கிணற்றில் இரண்டு மூன்று பேர் போவது அப்படித்தான்.

#19 களுவாஞ்சி_இலத்திரன்

சரி, தோற்றேன். ஆனால் கடைசியாக ஒன்று. அந்த ஸ்பிரிங் பிழைத்தால்? துரு பிடித்தால்? நம் கடற்கரை உப்புக் காற்றுக்கு இரும்புக் கேற்றே மூன்று வருடம் நிற்பதில்லை.

#20 திரும்பி_வந்தவன்

நல்ல கேள்வி. அதனால்தான் ஒவ்வொரு முறையும் சோதிப்பது. எப்படி என்று சொல்கிறேன், இதை நான் ஆயிரம் தடவைக்கு மேல் செய்திருப்பேன்.

சிலிண்டரைத் திறக்க வேண்டும். மெல்லத் திறந்தால் அழுத்தம் 55 ஐக் கடந்து ஏறும்போதே சில செற்றில் விசில் ஒரு தடவை "கீக்" என்று சொல்லும், அது விசிலின் சலாம். மீற்றர் நிறைந்ததா என்று பார்த்துச் சிலிண்டரை மூடி, ஒரு நிமிடம் ஊசியையே பார்க்க வேண்டும். 10 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. மறுகா டிமாண்ட் வால்வின் வாயை உள்ளங்கையால் பொத்தி, ஓரத்தை ஒரு மயிரிழை தூக்கிக் காற்றை மெல்ல விட வேண்டும். ஊசி இறங்கும். 100, 80, 70. இந்த இடத்தில் அவசரப்பட்டால் ஊசி ஒரே பாய்ச்சலில் போய்விடும், விசில் எதில் தொடங்கியது என்று தெரியாது. 60, 58. உள்ளங்கை குளிரும். 55 இல் கத்த வேண்டும்.

ஒரு காலை கத்தவில்லை. 50, 40, ஊசி பூச்சியத்துக்கே போனது, விசில் ஊமை. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் விசில் துளையில் காய்ந்த மண். குளவி. ஏசி இல்லாத ஸ்டோரில் நாலு நாள் தொங்கியதில் கூடு கட்டிவிட்டது. அதற்கு முதல் நாள் பதிவேட்டில் "விசில் சரி" என்று ஒரு கையெழுத்து இருந்தது. யாருடையது என்று நான் சொல்லப் போவதில்லை, மேலதிகாரிக்குச் சொன்னேன், அவர் சிரித்துவிட்டுப் போனார்.

#21 பனிநாட்டு_மட்டக்களப்பான்

அந்தக் கையெழுத்து எல்லா நாட்டிலும் இருக்கிறது அண்ணே. இங்கே அசையாமல் கிடந்தால் கத்தும் கருவியும் செற்றோடு உண்டு. 30 செக்கனுக்கு ஆள் அசையாவிட்டால் முழுச் சத்தம். வண்டியடியில் சும்மா நின்று கதைக்கும்போதெல்லாம் அது கத்தும், ஆள் இடுப்பை ஒரு ஆட்டு ஆட்டி நிறுத்துவார். இப்படி நாளெல்லாம் கேட்டால் "புலி வருது" கதைதான், உண்மையாகவே ஒருவன் விழும்போது திரும்பிப் பார்க்கவே சில விநாடி பிந்தும்.

#22 வாவிக்கரையான்

நேற்று ஒரு காரியம் செய்தேன். போனில் சுருதி எழுப்பும் செயலி ஒன்று இறக்கி 3000 ஹேர்ட்ஸில் வைத்து அழுத்தினேன். தங்கை காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள். அம்மா குசினியிலிருந்து ஏசினார். அப்பா முன்னால் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டே இருந்தார். அரிசி ஆலையில் 31 வருடம் நின்றவர். போனைக் காதுக்குக் கிட்டக் கொண்டுபோனபோதுதான் நிமிர்ந்தார். ஃபேனைக் கூட்டி வைத்த பிறகு அதுவும் இல்லை. "என்ன மகன், போன் பழுதா?" என்று கேட்டார்.

#23 பாசிக்குடா_சுழியோடி

இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் போவது 4000 ஹேர்ட்ஸ் பக்கம்தான். விசில் இருப்பதும் அங்கேதான். சைரனும் பம்பும் காதில் வாங்கும் தீயணைப்புக்காரருக்கும் இதே கதிதான்.

#24 திரும்பி_வந்தவன்

பேத்தியிடம் சொல்லி அந்தச் செயலியைப் போட்டுப் பார்த்தேன். வலது காது சரி. இடது காதில் 4000 இல் ஒன்றுமே கேட்கவில்லை, அவள் மூன்று தடவை அழுத்தினாளாம்.

எங்கள் விசில் தொங்கியது எந்தத் தோளில் என்று மேலே எழுதியிருக்கிறேன்.